கைக்குச் செருப்பு

நான் மூணாவது வரைக்கும் படித்தவன். அதுவும் முழுசாக இல்லை. இங்கே ஒரு படித்த ஆளைப் பற்றி எழுதுகிறேன். எழுதுகிற அளவுக்கு அவர் பெரிய ஆள் இல்லை. என் காலைப் பற்றி எழுதப் போனால் அவரும் கூடவே வந்துவிடுகிறார். வேறு வழியில்லை.

அப்போது திண்டுக்கல்லில் தோல்ஷாப்புகள் நிறைய. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் ஊர் வந்தது மூக்குக்குத் தெரிந்துவிடும். எரியோட்டுப் பக்கம் எங்கள் காடு இரண்டு வருஷம் சேர்ந்தாற்போலக் காய்ந்தது. நான் டவுனுக்கு வந்து ஒரு தோல்ஷாப்பில் சேர்ந்தேன். சுண்ணாம்புக் குழியில் இறக்கிவிட்டார்கள்.

ஆட்டுத்தோலில் மயிர் கழலச் சுண்ணாம்புத் தண்ணியில் ஊறப் போடுவார்கள். அதில் இறங்கி நின்று தோலைப் புரட்ட வேண்டும். கால்விரல் இடுக்கு முதலில் வெளுக்கும். அப்புறம் வெடிக்கும். அப்புறம் உள்ளே வெள்ளையாக என்னவோ தெரியும். எலும்பு இல்லை என்பார்கள் கூட வேலை பார்க்கிறவர்கள். அவர்கள் என்ன டாக்டரா. ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுத்து, காலையில் திரும்பவும் இறங்கணும். நாலு வருஷம் இறங்கினேன்.

பிறகு மார்க்கா வேலை கிடைத்தது. முன்னால் அதைப் பார்த்தவருக்குக் கண் மங்கிப் போச்சு. எனக்குக் கை நடுங்காது என்று முதலாளி எப்படியோ கண்டுபிடித்தார். பதப்படுத்திக் காய்ந்த தோலைப் பிரஸ்ஸில் வைத்து அமுக்கி, சாக்கில் சுற்றி, கயிறு போட்டு மூட்டையாக்குவார்கள். மூட்டை மேல் கறுப்பு மையில் எழுத்துப் போடுவது என் வேலை. மண்ணெண்ணெய் டின்னைத் தட்டித் தகடாக்கி, பூட்டுப் பட்டறையில் வாங்கின சின்ன உளியால் எழுத்தை வெட்டி எடுக்கணும். தகட்டை மூட்டை மேல் வைத்து மையைத் தேய்த்தால் எழுத்து விழும். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. எழுத்துகளை ஆள் முகம் மாதிரித் தெரியும். அதுக்கு அது போதும். மூணே மாசத்தில் கால் ஆறிவிட்டது. ஈரமில்லாத தரையில் நின்று வேலை பார்ப்பது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது.

மார்க்கா போடுகிறவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மூட்டையை வேகனில் ஏற்றும்போது அவன்தான் கூவணும். எங்கள் ஷாப்பில் அப்படி ஒரு வழக்கம். ஒரு மூட்டைக்கு நாலு ஆள். மூட்டை மேல் இருக்கிற மார்க்காவை நான் சத்தமாகச் சொல்வேன். அந்தச் சத்தத்தில்தான் நாலு பேரும் ஒரே சமயத்தில் தூக்குவார்கள். அதே சத்தத்தைக் கேட்டுத்தான் வேகன் பக்கத்தில் நிற்கிற கிளார்க் தன் தாளில் டிக் போடுவார். ஒரு சத்தத்துக்கு ரெண்டு வேலை. சத்தம் தப்பினால் கிளார்க்குக்குப் பேனா தப்பும், தூக்குகிறவனுக்கு இடுப்புப் போகும்.

கிளார்க்கைப் பற்றிச் சொல்லணும். இன்டர்மீடியட் வரைக்கும் படித்தவர். அதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ரெண்டு பேனா. ஒரு பேனாவில்தான் எழுதுவார். தோல்ஷாப்பில் பத்து வருஷம் இருந்தும் ஒரு தோலை அவர் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. எங்களோடு பேசும்போது மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொள்வார். வாசனைக்கா எங்களுக்கா என்று கேட்க யாரும் மெனக்கெடவில்லை.

ஐம்பதுகள் முடிகிற சமயம். ஹாலந்திலிருந்து ஒரு வியாபாரி தோலுக்கு ஆர்டர் கொடுத்தான். அவன் ஊர்க் கிட்டங்கியில் சரக்கு இறக்கி வைக்கிற ஆட்களுக்குப் புரியணும் என்று மூட்டை மேல் அவன் பாஷையிலேயே மார்க்கா கேட்டான். சரக்கைப் பார்க்க அவனுடைய ஆள் ஒருத்தன் வந்தான். உயரமான ஆள். வெயிலில் இட்டிலிப்பானை மூடி மாதிரி முகம் பூராவும் வேர்க்கும்.

அவன் அடுக்கு அடுக்காக நடந்து போனான். ஒவ்வொரு அடுக்கையும் கையால் ஒரு தட்டுத் தட்டி அதுக்குப் பேர் சொன்னான். வெள்ளாட்டுத் தோலைத் தட்டி "கெய்த்தன்லேர்" என்றான். செம்மறித் தோலைத் தட்டி "ஸ்காபன்லேர்" என்றான். செருப்புக்கு உள்பக்கம் ஒட்டுகிற மெல்லிசுத் தோல், அது "பூரிங்லேர்". இருப்பதிலேயே மிருதுவான செம்மறித் தோலைத் தட்டி நீளமாக ஒன்று சொன்னான். "ஹண்ட்ஸ்கூனன்லேர்."

நான் மைச்சட்டியோடு பின்னால் நடந்தேன். ஒன்றைக் கவனித்தேன். அவன் கை தோல் மேல் விழுகிற இடமும் வார்த்தையில் பாரம் விழுகிற இடமும் ஒன்றுதான். எப்பவும் முதலில். "கெய்" மேல் ஒரு தட்டு, மிச்சம் தானாக ஓடும். "ஹண்ட்" மேல் ஒரு தட்டு, அதுக்குப் பின்னால் அம்புட்டு நீளமும் சறுக்கிக்கொண்டு போகும். எனக்கு அர்த்தம் தெரியாது. தட்டு தெரிந்தது.

கடைசி வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார் முதலாளி. வெள்ளைக்காரன் தன் கையைக் காட்டினான். பிறகு தன் செருப்பைக் காட்டினான். கைச்செருப்புத் தோல். குளிருக்குக் கையில் மாட்டுகிற உறையை அவர்கள் பாஷையில் அப்படித்தான் சொல்வார்களாம்.

மூட்டை தூக்குகிறவர்களுக்கு மூப்பர் ஒரு பாய். தாடி நரைத்தவர், தோள் மட்டும் நரைக்காதவர். அவர் என் காதில் சொன்னார்.

"அப்பு, கைக்கே செருப்பு போடுறாங்ங. அப்ப காலுக்கு என்ன, தொப்பியா?"

"நமக்குக் காலுக்கே இல்ல பாய்."

"நமக்குக் கால் இருக்குல்ல. அதுவே அதிகம்."

வெள்ளைக்காரன் வார்த்தைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, பத்து நாளில் வருகிறேன் என்று ஆம்பூர்ப் பக்கம் போய்விட்டான். அந்தத் தாள் கிளார்க் கைக்குப் போனது. சனியன் அங்கேதான் பிடித்தது.

வெள்ளைக்காரன் தோலைத் தட்டிச் சொல்லும்போது கிளார்க் அங்கே இல்லை. வாசனைக்குப் பயந்து ஆபீஸில் இருந்தார். அவருக்குத் தெரிந்தது தாள்தான். இந்தப் பாஷை இங்கிலீஷுக்குப் பங்காளி, எனக்கு இது ஒண்ணும் பெரிசில்லை என்றார். முதலாளி நம்பினார். முதலாளி பேனா வைத்திருக்கிற யாரையும் நம்புவார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தூக்குகிறவர்களையும் என்னையும் வரிசையாக நிற்கவைத்துப் பாடம் எடுத்தார். அவர் சொல்ல நாங்கள் திரும்பச் சொல்லணும். நாற்பது வயசுக்காரர்கள் எச்சிற்கையோடு நின்று கத்தினோம்.

அவர் பாரத்தைக் கடைசியில் போட்டார். "கெய்ட்டன்லீயர்!" என்று லீயரில் கொண்டுபோய் இடித்தார்.

நான் சொன்னேன், "ஐயா, அவரு முதல்லல்ல தட்டுனாரு."

"எது?"

"கைய்யி. தட்டு முதல்ல விழுந்துச்சு."

"ஏலே, ஆட்டுத்தோல்ங்கிறோம். இதுல எது முக்கியம்? தோலு. அது எங்க இருக்கு? கடைசில. அப்ப எங்க அழுத்தணும்?"

 அர்த்தத்துக்கு அது சரியாகத்தான் இருந்தது. மூட்டையை அர்த்தத்தால் தூக்க முடியாது, அவ்வளவுதான்.

பாய் விடவில்லை. "ஐயா, நாங்க குனிஞ்சு பிடிச்சுக்கிட்டு இருப்போம். நீங்க நீளமாச் சொல்லிக்கிட்டே போயி கடைசில தூக்குன்னா, அதுவரைக்கும் மூச்சு எங்க இருக்கும்?"

"மூச்சைக் கொஞ்சம் மிச்சம் வை."

"மூச்சு என்ன தொட்டுக்கிற வெஞ்சனமா, ஓரமா எடுத்து வைக்க?"

எல்லாரும் சிரித்தார்கள். கிளார்க் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். அன்றைக்குச் சிரித்ததில் என் பல்தான் அவர் கண்ணில் பட்டிருக்கணும்.

தகடு வெட்டும் வேலை வந்தது. மூட்டையில் ரெண்டு கயிற்றுக்கு நடுவில் நெருக்கினால் பன்னிரண்டு எழுத்துத்தான் போகும். கைச்செருப்பு வார்த்தைக்குப் பதினாறு எழுத்து. உடைத்து ரெண்டு வரியாகப் போடணும். எங்கே உடைப்பது?

நான் உளியை நாலாவது எழுத்துக்குப் பின்னால் வைத்தேன். தட்டு விழுந்து முடிகிற இடம் அது. அதுக்கு அப்புறம் சறுக்கல். கறிக்கடைக்காரர் தொடையை மூட்டில்தான் பிரிப்பார். நடு எலும்பில் வெட்டினால் சில்லு தெறிக்கும். அப்படித்தான் எனக்குப் பட்டது.

கிளார்க் வந்து பார்த்தார். சிவப்புப் பென்சிலால் அஞ்சாவது எழுத்துக்குப் பின்னால் கோடு போட்டார்.

"இங்க உடை. ஹேண்ட்ஸ். கைகள். எஸ் இல்லாட்டி ஒரு கைதான். மனுசனுக்கு எத்தன கை?"

"ரெண்டு."

"பெறகு?"

"அவரு சொன்னப்ப அந்த எழுத்து அந்தப் பக்கம் போச்சுங்க."

"உனக்கு டச்சு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"வெட்டு."

வெட்டினேன். சொன்னதைச் செய்கிறவனுக்குக் கால் காய்ந்திருக்கும். அப்போது எனக்குத் தெரிந்த படிப்பு அதுதான். எல்லாக் கைச்செருப்பு மூட்டையிலும் அவர் உடைத்த இடத்திலேயே உடைத்து மை தேய்த்தேன்.

வெள்ளைக்காரன் சொன்ன நாளுக்கு வந்தான். அடுக்கின மூட்டைகளைப் பார்த்தான். நின்றான். முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. உள்ளங்கையால் அஞ்சாவது எழுத்தை மறைத்தான். கீழ் வரிக்கு முன்னால் விரலை வைத்து, அந்த எழுத்து இங்கே வரணும் என்று காட்டினான். வேறு இடத்திலும் உடைக்கலாம், லேருக்கு முன்னால் உடைக்கலாம், இந்த இடத்தில் எவனும் உடைக்க மாட்டான் என்று முதலாளியிடம் சொன்னானாம். எங்கள் ஊர் ஆட்கள் பார்த்தால் இது வேறு யாரோ போட்ட போலி மார்க்கா என்பார்கள், மாற்றிப் போடுங்கள். அவ்வளவுதான் கேட்டான். சாக்கு மேல் வேறு துண்டுச் சாக்குத் தைத்து மை தேய்த்தால் ஒரு நாள் வேலை.

முதலாளிக்கு அது போதாது. வெள்ளைக்காரன் முகம் சுளித்தால் யாரையாவது தண்டிக்கணும். தண்டிக்கிறதை அவன் பார்க்கணும். அவன் கேட்டானோ இல்லையோ, எங்கள் ஷாப்பில் அதுதான் மரியாதை.

"யாரு வெட்டுனது?"

கிளார்க் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சிவப்புப் பென்சில் அவர் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மார்க்காக்காரன் வெட்டுனதுதான் மொதலாளி. படிக்காதவன். நான் ஆபீஸ் வேலைல இருந்துட்டேன்."

முதலாளி என்னைக் கேட்டார், "நீயா வெட்டுன?"

"வெட்டுனது நாந்தான்."

அது உண்மை. எங்கே வெட்டணும் என்று சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததுக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னாலும் பேனாவுக்கு எதிரே உளி நிற்காது.

"இன்னைக்கு இதச் சரி பண்ணிக் குடு. நாளைலருந்து சுண்ணாம்புக்குப் போ."

கிளார்க் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். நிம்மதி வந்தால் அந்த ஆளுக்கு வாசனை கூடத் தெரியாது போல.

சாயங்காலத்துக்குள் புதுத் தகடு வெட்டி, நாலாவது எழுத்துக்குப் பின்னால் உடைத்து, எல்லா மூட்டைக்கும் போட்டேன். உளியைத் துடைத்து ஆணியில் மாட்டினேன். மறுநாள் விடிந்ததும் குழியில் இறங்கினேன். பழைய புண்ணெல்லாம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்த மாதிரி மத்தியானத்துக்குள் வாயைத் திறந்தது. இன்னும் எத்தனை வருஷம் என்று ஒரு தடவை யோசித்தேன். அப்புறம் யோசிக்கவில்லை.

அதுக்கு அடுத்த நாள் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் லோடு. வேகன் வந்து நின்றுவிட்டது. சாயங்கால வண்டியில் அதைக் கோத்துவிடுவார்கள். அதுக்குள் ஏற்றணும். வெள்ளைக்காரன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். மார்க்காக்காரன் இல்லாததால் கிளார்க்கே கூவினார். இது பாய் பிறகு எனக்குச் சொன்னது.

கிளார்க் தாளைப் பார்த்துக்கொண்டு கூவினாராம். பாரத்தை லீயரில் போட்டாராம். முன்னால் ரெண்டு பேர் முதல் சத்தத்துக்கே தூக்கிவிட்டார்கள், பழக்கம் அது. பின்னால் ரெண்டு பேர் பாடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு கடைசிக்குக் காத்திருந்தார்கள். மூட்டை ஒருபக்கமாகச் சாய்ந்து பின்னால் நின்றவன் முழங்காலில் இறங்கியது. எலும்பு போகவில்லை, தோல்தான். ரெண்டாவது மூட்டையும் அப்படியே. மூணாவது பூரிங்லேர் மூட்டை. தூக்குகிறவர்களில் ஒருத்தன், "பூரி வந்துருச்சு, கெழங்கு எங்கய்யா?" என்று கேட்க, சிரித்ததில் அதுவும் கீழே விழுந்தது.

பாய் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஐயா, நீங்க கூப்புடுறது மூட்டைக்கு இல்ல. ஆபீசுக்கு. ஆபீசு வந்து தூக்கட்டும்."

உட்கார்ந்துவிட்டார்கள். அதுவும் ஒரு வழக்கம்தான். சத்தம் சரியில்லை என்றால் மூட்டையைத் தொட மாட்டார்கள். அதில் முதலாளியும் ஒன்றும் பேச முடியாது. இடுப்பு அவர்களுடையது.

வெள்ளைக்காரன் கடிகாரத்தைப் பார்த்தான். முதலாளி வெள்ளைக்காரனைப் பார்த்தார். என்னைக் கூப்பிடச் சைக்கிளில் ஆள் வந்தது.

குழியிலிருந்து ஏறி அப்படியே போனேன். முழங்கால் வரைக்கும் சுண்ணாம்பு. சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போகும்போது காற்றுப்பட்டு புண் எரிந்தது.  ஷெட்டில் இறங்கி நேராக மூட்டை தலைமாட்டில் போய் நின்றேன். நாலு பேர் குனிந்து பிடித்தார்கள்.

"ஹண்ட்!"

மூட்டை தரையை விட்டு எழுந்தது. மிச்ச வார்த்தை அவர்கள் நடக்கும்போது வாயில் தானாக ஓடியது. ஸ்கூனன்லேர், ஸ்கூனன்லேர் என்று கால் போட்டுப் போய் வேகனில் இறக்கினார்கள். கிளார்க் டிக் போட்டார்.

"கெய்!" அது ஒன்று. "ஸ்கா!" அது ஒன்று. "பூ!" இந்தத் தடவை யாரும் கிழங்கு கேட்கவில்லை.

வெள்ளைக்காரன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். பக்கத்தில் வந்து, இவன் மட்டும் எங்கள் ஊர்க்காரன் மாதிரிச் சொல்கிறான், யார் சொல்லிக் கொடுத்தது என்று முதலாளியிடம் கேட்டானாம். கிளார்க் ஒரு அடி முன்னால் வந்தார். இங்கிலீஷில் என்னவோ சொல்லி "ட்ரெய்னிங்" என்று முடித்தார். அந்த ஒரு வார்த்தை எனக்கே புரிந்தது.

வெள்ளைக்காரன் என் தோளைத் தட்டினான். அப்புறம் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டான். இன்னொரு தடவை சொல், இன்னொரு தடவை சொல் என்று விரலைக் காட்டினான். காசு கொடுத்துக் கிளியைப் பேசச் சொல்கிற மாதிரி. மூணு தடவை சொன்னேன். நாலாவது தடவை பாயைப் பார்த்து, மூட்டையைப் பிடிக்கச் சொன்னேன். சும்மா சொல்ல அது பாட்டு இல்லை. அவன் போட்டோ எடுத்தான். மேலே மட்டும் எடுத்தான் என்று நினைக்கிறேன். காலை எடுத்து அவன் ஊரில் யாரிடம் காட்டுவது.

வண்டிக்கு முன்னாலேயே லோடு முடிந்தது. முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மார்க்காவுக்கே வந்துரு. ஆனா கிளார்க்கு மனசு கஷ்டப்பட்டுருக்காரு. படிச்சவரு. ஒரு வார்த்த மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிரு."

நான் என் காலைப் பார்த்தேன். சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. வார்த்தைக்கு என்ன செலவு. கிளார்க் முன்னால் போய் நின்றேன்.

"மன்னிச்சுக்கங்க ஐயா."

"பரவாயில்ல. இனிமே கேட்டுச் செய்யி."

"சரிங்க."

பாய்க்குக் கோபம். "என்னா அப்பு, அவன்கிட்டப் போயி?"

"கால் எனக்குத்தான பாய் இருக்கு."

பாய் காலைப் பார்த்தார். 

மறுநாள் நான் உளியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கிளார்க் வந்தார். சுற்றிப் பார்த்தார், யாரும் இல்லை. கைக்குட்டை மூக்கில் இல்லை. வெள்ளைக்காரனுக்கு மாலை போட்டு அனுப்புகிறார்களாம். அவர்தான் பேசணுமாம்.

"அந்த நீள வார்த்தைய ஒருக்காச் சொல்லு பாப்போம்."

தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். பாயாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார், வருஷக்கணக்கில் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அந்த ஆள் பொய் சொல்கிற அளவுக்குக் கூட முக்கியமில்லை. சரியாகவே சொன்னேன். அவர் சொல்லிப் பார்த்தார். லீயரில் போய் இடித்தது. திரும்பச் சொன்னேன். திரும்ப இடித்தது. செத்த நேரம் அப்படியே போனது. அவருக்கு வேர்த்தது.

"எப்பிடி அது உனக்கு மட்டும் வருது?"

பக்கத்தில் ஒரு மூட்டை கிடந்தது. எண்ணெயும் மையும் அப்பிப் பிசுபிசு என்று இருந்தது.

"இத ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கிக்கிட்டே சொல்லுங்க. வந்துரும்."

அவர் மூட்டையைப் பார்த்தார். குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். ரெண்டு பேனாவையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டார்.

மாலை போடுகிற கூட்டத்தில் என்ன பேசினார் என்று தெரியாது. நான் போகவில்லை. அன்றைக்கு மை காய்ச்சுகிற வேலை இருந்தது. கால் ஆற இந்தத் தடவை நாலு மாசம் ஆனது.